டார்ட்மூர் மேட்டில் வெள்ளீய ஆலைக்கு வெட்டிய வாய்க்கால்: ஆற்றோரமே ஆலையை வைத்திருக்கக் கூடாதா?

கேள்வி
இட்டவர்: தோவாளைக் கடைவரம்பு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில் நடந்துவிட்டு வந்து சில படங்களை அனுப்பியிருந்தாள். மரங்கள் அற்ற, பாறையும் புல்லுமாகக் கிடக்கிற, ஏறக்குறைய நம் முத்துக்குழிவயல் பக்கத்து மலைப்புல்வெளியை நினைவூட்டுகிற நிலம் அது. அதில் ஒரு ஆள் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஒரு வாய்க்கால் குன்றின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறது. ஓரிடத்தில் அது செங்குத்தான சரிவில் நுரைத்துக்கொண்டு இறங்கி, இரும்புத் தொட்டி ஒன்றின் வழியாகச் சிறிய ஆற்றைக் கடந்து, மறுபடியும் மலையோரமாகவே போகிறது. இதை அங்குள்ளவர்கள் 'லீட்' என்று சொல்வதாகவும், வெள்ளீய ஆலைகளை ஓட்டுவதற்காக முற்காலத்தில் வெட்டியது என்று உடன் நடந்த ஒருவர் கூறியதாகவும் எழுதியிருக்கிறாள்.

நான் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பாசனச் சானலின் கடைவரம்பில் வயல் வைத்திருப்பவன். வாய்க்காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பதுதான். ஆகவே சந்தேகங்களை இங்கே கேட்கிறேன். ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றங்கரையிலேயே ஆலையை வைத்துவிட்டுப் போகலாமே, எதற்காக மைல்கணக்கில் கால் வெட்ட வேண்டும்? இரண்டு படங்களில் தண்ணீர் மேட்டை நோக்கி ஏறுவதுபோலவே தெரிகிறது, அது எப்படி? மேலும், பிறர் நிலத்தின் வழியே இப்படி வெட்டிக்கொண்டு போக யார் அனுமதி தந்தார்கள்? நம் ஊரில் ஒரு மடையை இரண்டு அடி தள்ளி வைத்தாலே ஊர்க்கூட்டம் கூட்ட வேண்டியிருக்கிறது.

மறுமொழி 1
இட்டவர்: தக்கலை ஓவர்சியர் (ஓய்வு)

அண்ணாச்சி, உங்கள் முதல் கேள்வியிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆலைக்குத் தேவைப்படுவது தண்ணீர் மட்டும் அன்று. தண்ணீர் விழுகிற உயரமும் வேண்டும். ஆற்றின் படுகை கற்களில் மோதி, அருவியாக விழுந்து, அந்த உயரத்தை வழியெல்லாம் வீணாக்கிக்கொண்டே இறங்குகிறது. கால் வெட்டுகிறவன் செய்வது அந்த உயரத்தைச் செலவழிக்காமல் பத்திரமாகக் கொண்டுபோய், தனக்கு வேண்டிய ஓர் இடத்தில் மொத்தமாக இறக்குவது.

கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஆறு ஐம்பது அடிக்கு ஓர் அடி வாட்டத்தில் இறங்குகிறது என்றும், அதன் மேற்பகுதியில் ஒரு சிறு தடுப்பு கட்டி, ஆயிரம் அடிக்கு ஓர் அடி வாட்டத்தில் ஒரு கால் எடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி தூரம் போனதும் ஆறு இருபது அடி கீழே போயிருக்கும்; கால் ஓர் அடிதான் இறங்கியிருக்கும். இப்போது உங்கள் கையில் பத்தொன்பது அடி உயரம் மிச்சம். அங்கே ஒரு நீர்ச்சக்கரத்தை நிறுத்தி, மரத் தொட்டியின் வழியே அதன் உச்சியில் தண்ணீரை விட்டால், சக்கரத்தின் கட்டங்களில் தண்ணீர் நிரம்பி அதன் எடையே சக்கரத்தைச் சுற்றும். ஆற்றோட்டத்தில் சக்கரத்தின் அடியை மட்டும் நனைய விட்டால் இதில் பாதித் திறன்கூடக் கிடைப்பது அரிது. வெள்ளம் வந்தால் அந்தச் சக்கரம் மூழ்கி நின்றுவிடும், அல்லது கல்லோடு அடித்துக்கொண்டு போய்விடும். காலில் அப்படியல்ல, அது ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் பலகையைப் போட்டால் தண்ணீர் நின்றுவிடும்.

இதற்கு வரும் திறன் எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். வினாடிக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர் நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், கணக்குப்படி ஏறக்குறைய 2 கிலோவாட். மரச்சக்கரத்தில் தேய்மானமும் சிதறலும் போக மூன்றில் இரண்டு பங்கு தேறினால் ஒன்றே முக்கால் குதிரைத்திறன். நம் தென்னந்தோப்பில் கிணற்றுக்கு வைக்கிற மோட்டாரின் அளவுதான் அது. இவ்வளவுக்காகவா என்று நினைக்க வேண்டாம். இரவும் பகலும் ஓய்வில்லாமல், கூலியும் தீனியும் கேட்காமல் கிடைத்த சக்தி அது.

கால் மேட்டில் ஏறுவதாகத் தெரிவது கண்மயக்கு. சுற்றியுள்ள நிலமும் ஆறும் வேகமாகச் சரிந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஏறக்குறைய மட்டமாகப் போகிற ஒன்று நம் கண்ணுக்கு ஏறுவதாகப் படும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில் மலையோரச் சானல் ஒன்றில் எனக்கே அந்த மயக்கம் வந்து, லெவல் கருவியைச் சந்தேகப்பட்டு, மூத்தவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு இணை உண்டு, ஆனால் அதைச் சானலில் தேடக்கூடாது. கோதையாறு மின்நிலையத்தில் தேடவேண்டும். மேலே அணையில் நீரைப் பிடித்து, உயரம் குறையாமல் சுரங்கவழி கொண்டுவந்து, குழாயில் ஒரேயடியாக இறக்கிச் சுழலியைச் சுற்றுகிறார்கள். முதல் நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40 மெகாவாட். அளவு வேறு, வழி அதேதான். தோவாளைச் சானலின் வேலை மாறானது. அது போகிற வழியெல்லாம் மடைமடையாகத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். கடைவரம்புக்குத் தண்ணீர் வந்து சேராத வருத்தம் ஆலைக்காலில் இல்லை, ஏனென்றால் அதற்குக் கடைவரம்பில் இருக்கும் ஒரே ஆள்தான் உரிமையாளர்.

மறுமொழி 2
இட்டவர்: எக்சிடரில் ஒரு மார்த்தாண்டத்துக்காரன்

ஓவர்சியர் ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் உங்கள் மகள் பார்த்த கால் வெள்ளீய ஆலைக்கு வெட்டியதன்று என்று நினைக்கிறேன். செங்குத்தான சரிவில் இறங்கி இரும்புத் தொட்டியில் 'மேவி' என்னும் ஆற்றைக் கடப்பது டெவன்போர்ட் லீட். 1790களில், பிளிமத்தை அடுத்த கப்பல்துறைக் குடியிருப்புக்குக் குடிநீர் கொண்டுபோவதற்காக வெட்டப்பட்டது. வெட்டிய காலத்தில் அதன் நீளம் ஏறக்குறைய 27 மைல். இப்போது பாதி வழியிலேயே பரேட்டர் நீர்த்தேக்கத்தில் விழுந்துவிடுகிறது. இதைவிடப் பழையது பிளிமத் நகரத்துக்கே குடிநீர் கொண்டுவந்த லீட். மாலுமி பிரான்சிஸ் டிரேக்கின் பொறுப்பில் 1590 இறுதியில் தொடங்கி 1591 ஏப்ரலில் முடிந்தது, நீளம் 17 மைலுக்கு மேல். டிரேக் குதிரையேறி மேட்டுக்குப் போய் மந்திரம் சொன்னதாகவும், அவர் திரும்பி வர, குதிரையின் வாலைத் தொடர்ந்து தண்ணீரும் வந்ததாகவும் இங்கே கதை சொல்வார்கள். அந்தக் காலின் ஓரத்தில் டிரேக் தமக்கென மாவாலைகளும் கட்டிக்கொண்டார் என்பது கதையில் வராது.

ஆனால் உடன் நடந்தவர் முற்றிலும் தவறாகவும் சொல்லிவிடவில்லை. குடிநீர்க் கால்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெள்ளீயக்காரர்கள் இந்த மேட்டில் நூற்றுக்கணக்கான சிறு கால்களை வெட்டியிருந்தார்கள். அந்த வித்தைதான் பின்னால் நகரங்களுக்குப் பயன்பட்டது. வெட்டும் முறை எளிமையானது: சரிவின் குறுக்கே சம உயரத்தில் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணைப் பள்ளத்தாக்குப் பக்கம் போட்டால் அதுவே கரை, ஆடுமாடும் மனிதரும் கடக்க ஆங்காங்கே கருங்கல் பலகை. தண்ணீர் இல்லாமல் புல் மூடிப்போன பழைய கால்களை மாலை வெயில் சாய்ந்து விழும்போது குன்றின்மேல் நிழற்கோடாகப் பார்க்கலாம். நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது.

உங்கள் மகள் அந்த இரும்புத் தொட்டியிலிருந்து மேவி ஆற்றை ஒட்டி மேல்நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், பிளாக் டார் அருவிக்கருகே இரண்டு கரையிலும் வெள்ளீய ஆலைகளின் இடிந்த சுவர்களைக் காண்பாள். ஒன்றின் வாசல் மேற்கல்லில் ரோமன் எண்ணில் 13 என்று செதுக்கியிருக்கும். அதன் உள்ளே கிடக்கும் கற்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உரல்குழிபோல வழவழப்பாகத் தேய்ந்த குழிகள் உள்ள கற்கள் இத்தகைய ஆலைகளின் அடையாளம். நீர்ச்சக்கரத்தின் அச்சில் பொருத்திய முளைகள், இரும்புப் பூண் போட்ட கனத்த மர உலக்கைகளைத் தூக்கித் தூக்கி விடும். அவை விழுந்து தாது இடிபட்ட இடம் அது. கல் தேய்ந்தால் புரட்டிப்போட்டு மறுபக்கத்திலும் இடித்திருக்கிறார்கள். நீள்சதுரமாகத் தொட்டி செதுக்கிய கல் கண்ணில் பட்டால், அது உருகிய வெள்ளீயத்தை ஊற்றிய வார்ப்புக்கல்.

மறுமொழி 3
இட்டவர்: மணவாளக்குறிச்சி

இடையே ஒரு சொல். 'ஈயம்' என்று பொதுவாக எழுதினால் காரீயம் என்று புரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு; அண்ணாச்சி வெள்ளீயம் என்று தெளிவாக எழுதியது நல்லது. நம் வீட்டு ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், செம்போடு கலந்து வெண்கலமாவதும் வெள்ளீயமே.

சக்கரத்தைச் சுற்றியதோடு தண்ணீரின் வேலை முடிந்துவிடவில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். நான் தாதுமணல் பிரிக்கும் தொழிலில் இருந்தவன். வெள்ளீயத் தாது தண்ணீரைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு கனமானது; அதோடு கலந்திருக்கும் சாதாரண வெண்மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இடித்த பொடியைச் சரிவான தொட்டியில் போட்டு மேலே மெல்லிய நீரோட்டத்தை விட்டால் மணல் அடித்துக்கொண்டு போகும், தாது தலைமாட்டிலேயே தங்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தாரே, அந்தக் கனமான மணலை அலை காலங்காலமாகக் கழுவிக் கழுவிக் கரையில் ஒதுக்கியதும் இதே முறையில்தான். டார்ட்மூரில் தொடக்ககால வெள்ளீயக்காரர்கள் சுரங்கமே தோண்டவில்லை. ஓடைப் பள்ளத்தாக்குகளில் இயற்கை ஒதுக்கி வைத்த கூழாங்கல் படிவைக் காலில் கொண்டுவந்த தண்ணீரால் கழுவியே எடுத்தார்கள். ஆலைக்குக் கால் வெட்டுவதற்கு முன், கழுவுவதற்கே கால் வெட்டியிருக்கிறார்கள்.

பிரித்த தாதுவை உருக்கும்போதும் அதே கால்தான். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்றாலும், தாதுவிலிருந்து அதைப் பிரிக்க ஆயிரம் பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். கரியை மூட்டி விடாமல் ஊத வேண்டும். கையால் ஊதிக் கட்டுப்படியாகாத அந்தத் துருத்தியை நீர்ச்சக்கரம் இயக்கியது.

கேட்டவரின் தொடர்ச்சி
இட்டவர்: தோவாளைக் கடைவரம்பு

மூவருக்கும் நன்றி. உலக்கையும் உரலும் என்றதும் படம் மனத்தில் பதிந்துவிட்டது. மகளிடம் அருவிக்கருகே போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அனுமதி பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. எனக்கு உண்மையில் அதுதான் முக்கியம்.

மறுமொழி 4
இட்டவர்: எக்சிடரில் ஒரு மார்த்தாண்டத்துக்காரன்

அனுமதி அரசரிடமிருந்து வந்தது. 1201-இல் ஜான் மன்னர் தந்த சாசனத்தின்படி, வெள்ளீயக்காரர்கள் வழக்கப்படி தாது தோண்டலாம், உருக்குவதற்குப் புல்கரி (ஈரநிலத்தில் புல் மக்கிப் படிந்த, எரியக்கூடிய மண்) வெட்டலாம், தங்கள் வேலைக்காக நீரோடைகளைத் திருப்பிக்கொள்ளலாம். நிலத்துக்காரர் யாராயிருந்தாலும் தடுக்க இயலாது. இவர்களுக்கெனத் தனி நீதிமன்றம், தனிச் சிறை. மேட்டின் நடுவே குரோக்கர்ன் டார் என்ற பாறைக்குன்றில் திறந்த வெளியில் கூடிய தனி மன்றம்கூட இருந்தது. பதிலுக்கு அரசர் எடுத்துக்கொண்டது வரி. வார்த்த ஒவ்வொரு கட்டியையும் டாவிஸ்டாக், ஆஷ்பர்ட்டன், சாக்ஃபர்ட் போன்ற குறிப்பிட்ட ஊர்களுக்குக் கொண்டுபோய், மூலையில் ஒரு துண்டு வெட்டித் தரம் பார்த்து, வரி கட்டி, முத்திரை வாங்கிய பிறகே விற்கலாம். இந்த வரிமுறை 1838 வரை நீடித்தது. தோட்டக்காரரும் குடியானவரும் இந்தச் சலுகையைக் கண்டு எரிச்சல் அடைந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை கழுவிவிட்ட மணல். அது ஆறுகளில் இறங்கித் துறைமுகங்களைத் தூர்த்தது; 1530களிலேயே நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

மடைச் சண்டைக்கு இவர்கள் கண்ட ஒரு தீர்வு உங்களுக்குப் பிடிக்கும். கிரிம்ஸ்டோன் சார்ட்ரிட்ஜ் என்ற லீட்டில், பண்ணைகளுக்குத் தண்ணீர் பிரியும் இடங்களில் கருங்கல்லில் ஒரு சிறு வட்டத் துளையிட்டுப் பதித்திருக்கிறார்கள். அதன் வழியே போகிற அளவுதான் அந்தப் பண்ணைக்கு. காளைக்கண் என்பது அதன் பெயர். விண்டி போஸ்ட் என்ற பழைய கற்சிலுவை அருகே அப்படி ஒன்று இன்றும் நீருடன் இருக்கிறது.

மறுமொழி 5
இட்டவர்: தக்கலை ஓவர்சியர் (ஓய்வு)

கல் துளை அருமையான ஏற்பாடு, ஷட்டரைப்போல இரவில் யாரும் தூக்கிவிட முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அண்ணாச்சி. அந்தத் துளை ஒரே அளவைத் தருவது காலில் நீர்மட்டம் மாறாதவரைதான். மட்டம் ஏறினால் துளை அதிகம் தரும், இறங்கினால் குறைவாகத் தரும். தலைப்பில் காவலாக ஒருவர் இருந்து மட்டத்தைக் காத்தால்தான் கல்லும் நியாயமாக நடந்துகொள்ளும். உங்கள் மகள் மறுபடி போகும்போது துளை நீர்மட்டத்துக்கு எத்தனை விரற்கடை கீழே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். துளையின் குறுக்களவும் தெரிந்தால் ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று நான் இங்கே கணக்குப் போட்டு எழுதுகிறேன்.