மகளின் கூடைப்பந்து ஆட்டம்: எந்தக் கணக்கைப் பார்ப்பது?

வணக்கங்க, கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 16 வயது, பாயிண்ட் கார்டு (பந்தை முன்னே கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துபவள்). போன வருசம் ஆட்டத்துக்குச் சராசரி 14 புள்ளி எடுத்தவள், இந்த ஜூனிலிருந்து 9-க்கு இறங்கிவிட்டாள். ஆட்டம் பார்க்க வரும் ஊர்க்காரர்கள், "புள்ள ஆட்டம் போச்சுங்க" என்கிறார்கள். அது அவள் காதிலும் விழுகிறது. போன ஞாயிறு ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி 12 ஆட்டங்களை நோட்டுப் போட்டு எழுதிவிட்டேன். அசிஸ்ட் (தோழி கூடை போடும்படி கொடுக்கும் பாஸ்) ஆட்டத்துக்கு 3-லிருந்து 6 ஆகியிருக்கிறது. பந்தைப் பறிகொடுப்பதும் குறைவு. மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாக எடுத்து, எல்லாக் கூடைகளையும் கூட்டி, மொத்த வீச்சால் வகுத்துப் பார்த்தேன், அதுவும் இறங்கவில்லை. பயிற்சியாளரிடம் கேட்டால், "பொறுங்க" என்கிறார்.

சரி, பாயிண்ட் கார்டு வளர்கிறாளா என்று தெரிந்துகொள்ள, புள்ளியை விட்டுவிட்டு எந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்?