23 பேர் அமர்ந்திருந்த ஆலயம் செத்த சபையா?

பெருநகர் விசுவாசி:
சென்ற மாதம் என் தாத்தா பிறந்த, செம்மணல் நிறைந்த தேரிக்காட்டு ஊருக்குப் போயிருந்தேன். நானூறு பேர் அமரக்கூடிய ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வந்திருந்தவர்களை எண்ணினேன், 23 பேர். சென்னையில் நான் போகும் சபையில் மூன்று ஆராதனைகள் நடத்தியும் இடம் போதவில்லை. எருசலேம் சபையில் ஒரே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2:41 சொல்கிறது. உயிருள்ள சபை வளரும்; வளராதது செத்த சபை. மெய்ஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் 192 அடி என்று பெருமை பேசும் நம் திருநெல்வேலிக்காரர்கள் காலிப் பெஞ்சுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேரிக்காட்டான்:
"செத்த சபை" என்ற சொல்லை மூன்று முறை வாசித்தேன், மனம் கொதிக்கிறது. நீங்கள் எண்ணியது எந்த ஆராதனையை? எங்கள் பக்கத்தில் விடியற்காலை இராப்போஜன ஆராதனைக்கு வருகிறவர்கள் ஒரு கூட்டம், அடுத்த ஆராதனைக்கு வருகிறவர்கள் வேறொரு கூட்டம். இதைச் சொல்லாமல் 23 என்று ஓர் எண்ணை எறிந்துவிட்டுப் போவது நியாயமாகாது.

உங்கள் சென்னைப் பெஞ்சுகளை நிரப்புகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பனையேறிப் பிழைத்த குடும்பங்கள், ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனமும் மிஷன் பள்ளியில் எழுத்தும் கற்பித்து, சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவைத்த பிள்ளைகள் அல்லவா அவர்கள்? பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் தாயைப் பிள்ளையில்லாதவள் என்று சொல்வீர்களா?

சபை தன் சுவருக்கு வெளியே எதைக் கொடுக்கிறது என்பதில்தான் அதன் ஆரோக்கியம் இருக்கிறது. வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் குருவானவரின் மகனாகப் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கையாக இருந்தது. தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் வரைக்கும் ஊழியர்களை அனுப்பியவை, சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்த பெண்களின் சபைகள். அவர்களின் பேத்திகள்தாம் உங்கள் 23 பேரில் இருந்திருப்பார்கள்.

பெருநகர் விசுவாசி:
நான் 1903ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்கவில்லை, சென்ற மாதத்தைப் பற்றிக் கேட்டேன். காலை எட்டரை மணி ஆராதனை அது. சர்தை சபைக்கும் உங்களைப் போல நல்ல பெயர் இருந்தது. உயிருள்ளவன் என்று பெயர் கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய் என்றுதான் வெளிப்படுத்தின விசேஷம் 3:1 அதற்குச் சொல்கிறது. பாட்டியின் அரிசியை இன்னும் எத்தனை காலம் உண்பீர்கள்?

பாளை வாசகி:
தலைகளை எண்ணும் சகோதரரும் பழைய வரலாற்றை எண்ணும் அண்ணனும் கணக்குப் புத்தகத்தை மட்டும் திறக்க மறுக்கிறார்கள். என் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின் தொகுதியில், காணிக்கைக் கணக்கைக் கேட்ட ஒரு முதியவரைக் கூட்டத்திலேயே உட்காரச் சொன்னார்கள். அவர் அதன் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை, அவர் குடும்பமும் வரவில்லை. பெஞ்சு இப்படித்தான் காலியாகிறது. பேராயரின் கீழுள்ள திருமண்டலத்துக்குத் தேர்தல் நடக்கும் ஆண்டில் பட்டியலில் பெயர் சேர்க்க ஓடி வருகிறவர்கள் தவக்கால ஆராதனைகளில் எங்கே போகிறார்கள்? 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தபோது சண்டைகள் குறையும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்று, சகோதரர் பெண்கள் பக்கத்தையும் சேர்த்துத்தான் 23 என்றாரா?

தேரிக்காட்டான்:
இதைத்தான் நானும் கேட்கிறேன், பதில் வரவில்லை. பாடகர் குழுவைச் சேர்த்தாரா என்பதையும் அவர் சொல்லட்டும்.

ஆனால் வாசகி அம்மா, சண்டை இருப்பதாலேயே சபை செத்துவிடாது. சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கம் தன் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயரை 1835இல் நீக்கியபோது திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிளந்து நின்றன. 1838இல் அவர் இறந்த பிறகு பெரும்பாலும் மீண்டும் ஒன்றாயின. அந்தப் பிளவையும் தாங்கி வளர்ந்த சபை இது. சென்ற ஆண்டு பழைய ஞானப்பாட்டுகளான பாமாலைக்குப் பதிலாகக் கீபோர்டுப் பாடல்கள் வேண்டும் என்று எனக்கு எதிராக நின்றவர் நீங்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

பாளை வாசகி:
பாமாலையை நான் ஒருபோதும் எதிர்க்கவில்லை. வாலிபர்கள் ஒரு பாட்டாவது தெரிவு செய்யட்டும் என்று சொன்னேன். கணக்கைப் பற்றிக் கேட்டால் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் சேகரத்திலும் இதே பழக்கம்தான்.

மேல்வீட்டறை:
நான் உங்கள் சபையில் பிறந்து, திடப்படுத்தல் பெற்று முழு உறுப்பினனாகி, பின்பு பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தவன். என் தகப்பனார் படுக்கையில் கிடந்த ஏழு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்கள் கூரைக்கொட்டகையில் கூடிய பதினைந்து பேர்தாம். கோபுரமுள்ள சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெருநகர் சகோதரர் கணக்குப்படி அந்தப் பதினைந்து பேரும் செத்த சபையா?

பெருநகர் விசுவாசி:
அந்தச் சபை இன்று எத்தனை பேராக இருக்கிறது?

மேல்வீட்டறை:
நான் கேட்டதற்கு இது பதிலாகாது.

தேரிக்காட்டான்:
உங்கள் வீட்டுக்கு எங்கள் சபையார் வராதது தவறு, வருந்துகிறேன். ஆனால் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் வேதம் கற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய், அவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அதைச் சபை வளர்ச்சி என்று எழுதுகிறவர்களையும் நான் அறிவேன். அடுத்த தொழுவத்து ஆட்டைத் தன் தொழுவத்தில் கட்டியவன் மந்தை பெருகியதாகச் சொல்லலாகாது. சென்னைச் சபைக்கும் இதையே சொல்கிறேன்: அங்கே சேர்ந்தவர்களில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், எங்கள் ஊர்ச் சபையின் மாற்றல் கடிதத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர்?

3,000 பேரைச் சொன்னவர் அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றில் அவர்கள் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று 2:42 சொல்கிறது. ஆறாம் அதிகாரத்தில், பெருகிய அதே சபையில்தான் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படாமல் போனார்கள். எங்கள் ஊர் ஆலயத்தின் பொது விருந்தான அசனத்துக்கு வந்து பாருங்கள். ஊரில் எந்தப் பிரிவினரானாலும், எந்த மதத்தினரானாலும் ஒரே சோற்றைத்தான் உண்கிறார்கள்.

பாளை வாசகி:
அசனத்தில் ஒரே சோறு. கல்லறைத் தோட்டத்திலும் சேகரக் கமிட்டியிலும் பெண் எடுப்பதிலும் சாதி பார்ப்பது எங்கும் போகவில்லை, அண்ணன். அதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஒருமுறைகூட வாசித்ததில்லை.

தேரிக்காட்டான்:
அது பெரிய காரியம், அதற்குத் தனியாக எழுதுவேன். இப்போதைய கேள்வி 23 பேரைப் பற்றியது.

பெருநகர் விசுவாசி:
பெண்கள் பக்கத்தைச் சேர்த்துத்தான் எண்ணினேன். பாடகர் குழு என்று அங்கே எதுவும் இல்லை. உங்கள் சொந்த ஊரில் சென்ற ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

தேரிக்காட்டான்:
சென்ற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஒரு விதவைத் தாய் காணிக்கையாகக் கொண்டுவந்த நாலு முட்டைகள் ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் போயின. அந்தப் பணம் மிஷனெரி ஊழியத்துக்குப் போகிறது. தலைகளை நான் எண்ணவில்லை. நீங்கள் எண்ணிய 23 பேரில், குருவானவருக்குத் துணையாக ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரையும் மணி அடிப்பவரையும் சேர்த்தீர்களா என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.