புதருக்குள் ஒளியும் டோஹீயைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் காட்டோரப் புதர்களில் கிழக்கு டோஹீ (Eastern Towhee) என்ற பறவையை 400 மி.மீ. லென்ஸால் எடுக்கிறேன். சருகு கிளறும் சத்தம் கேட்கிறது, பறவை சிக்குவதில்லை. சிக்கினாலும் ஃபோகஸ் முன்னாலுள்ள குச்சியில் போய் நிற்கிறது. ஆணின் தலை கரித்துண்டு மாதிரி வருகிறது, கண்ணே தெரியவில்லை. எதை மாற்றுவது?

பதில் 1:
சத்தத்தைத் துரத்தாதீர்கள். டோஹீ இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்னோக்கித் தாவிச் சருகை வாரும். ஒரே இடத்தில் விட்டுவிட்டு 'சரக், சரக்' என்று கேட்டால் பெரும்பாலும் அதுதான். சருகு தடித்துக் கிடக்கும் புதரோர இடைவெளி ஒன்றைப் பார்த்து, 8-10 மீட்டர் தள்ளி அசையாமல் உட்காருங்கள். அரைமணி நேரமாவது பொறுமை வேண்டும். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். கண்ணைத் தானே தேடும் ஃபோகஸ் குச்சிகளுக்குள் ஏமாந்துவிடும். ஆகச் சிறிய ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாறுங்கள். கிளறும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடி தேவை. ஆனால் இரண்டு மூன்று வாரலுக்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கும், அந்தக் கணத்துக்கு 1/250 போதும். நல்ல படம் அப்போதுதான் விழும்.

பதில் 2:
கரித்துண்டுத் தலைக்காக அங்கே ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்துவிடாதீர்கள். கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளை வயிறு வெளுத்துப் போய்விடும். போன வெள்ளையை மீட்க முடியாது. ரா (RAW, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும்) கோப்பில் எடுங்கள். வயிறு வெளுக்காத எல்லை வரை வெளிச்சம் கூட்டி, தலையின் இருட்டைப் பிறகு தூக்குங்கள். வெயில் திட்டுத்திட்டாக விழும் நடுப்பகலைவிட மேகமூட்டம் எவ்வளவோ மேல். கண்ணில் ஒளிப்பொட்டு விழ, திறந்த வானம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கண் சிவப்பாக இருக்கும். ஃபுளோரிடாப் பக்கத்துப் பறவைகளுக்கு வெளிர்நிறம், அதை எடிட்டிங்கில் 'திருத்த' வேண்டாம். பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் பழுப்பு என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

பதில் 3:
ஏப்ரல், மே மாதங்களில் இவ்வளவு பாடுபட வேண்டாம். ஆண் புதரைவிட்டு மேலேறி, வெளியே தெரியும் கிளையில் நின்று 'டிரிங்க் யுவர் டீஈஈ' என்று பாடும். அதற்காகப் பதிவுசெய்த பாட்டைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், தயவுசெய்து. இல்லாத எதிரியை விரட்ட வந்து இரை தேடும் நேரத்தை அது இழக்கும். கூடு பெரும்பாலும் தரையில்தான், சருகோடு சருகாக. பறவை விலகிப் போகாமல் 'செவிங்க்' என்று ஓயாமல் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கலாம். வந்த தடத்திலேயே கால்வைத்துத் திரும்புங்கள்.