குழந்தை காசு, பேட்டரி, காந்தம் விழுங்கிவிட்டால்: எதற்கு ஓடணும், எதற்குக் காத்திருக்கலாம்?

செந்தூல் தாய் கேட்கிறார்:

வணக்கம். வீட்டில் ஒன்றரை வயதுப் பையன், கொழுந்தனார் மகள் பத்து மாதம். பகலில் இரண்டு பேரையும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். கைக்குக் கிடைப்பதெல்லாம் நேரே வாய்க்குள் போகிறது. சில்லறைக் காசு, தோட்டுத் திருகாணி, பெரிய பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், எதுவும் பாக்கியில்லை. விழுங்கிவிட்டால் வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், மறுநாள் மலத்தில் வந்துவிடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்கிறார். எது சரி? எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்? மாமியாரிடம் அப்படியே வாசித்துக் காட்டுகிற மாதிரி சொல்லுங்களேன்.

அவசரப் பிரிவுத் தாதி, கேஎல்:

முதலில் மூச்சைப் பாருங்கள் அக்கா. என்ன சாமான் என்பதை அப்புறம் தேடலாம். குழந்தை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய்வருகிறது. அடிக்காமல் இரும விடுங்கள். இருமலைவிட நல்ல கருவி நம் கையில் இல்லை. இருமல் சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் தொண்டை அடைத்திருக்கிறது, ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 அடி. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். வயிற்றை அமுக்கவே கூடாது, அந்த வயதில் ஈரல் கிழிந்துவிடும். ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால் குனியவைத்து முதுகில் 5 அடி. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 இழுப்பு. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 999 அழைக்கட்டும். குழந்தை துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதிக் கொடுப்பது) ஆரம்பிக்கணும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் வாயிலிருந்து எடுங்கள். தெரியாமல் விரல் விட்டுத் துழாவினால் மேலே நின்ற சாமான் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

மூச்சு சரியாக இருக்கிறதா? அப்படியானால் பழம், சோறு, தண்ணீர், விளக்கெண்ணெய் எதுவுமே வேண்டாம். உணவுக்குழாயில் காசு மாட்டியிருந்தால் சோற்று உருண்டை அதன் மேல் போய்த் தங்கி, வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதிலும் அதே ஆபத்துதான். இன்னொரு காரணமும் உண்டு: மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்கணும். திட உணவு சாப்பிட்டிருந்தால் வழக்கமாக 6 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். நீங்கள் ஊட்டிய அந்த ஒரு வாழைப்பழம் சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

கிளம்பும்போது அதே மாதிரி சாமான் இன்னொன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; பாக்கெட், உடைந்த பொம்மை, எதுவானாலும் சரி. எத்தனை மணிக்கு விழுங்கினான், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று போனில் குறித்துவையுங்கள்.

குழந்தைநலம் பினாங்கு:

தாதி சொன்னது முழுக்கச் சரி. பட்டன் பேட்டரியை மட்டும் தனியாகப் பேசணும், ஏனென்றால் அதுதான் நேரம் கொடுக்காத சாமான்.

நம் 20 சென் காசின் அகலம் 20.6 மில்லிமீட்டர். கார் சாவியிலும் சமையல் தராசிலும் தீபாவளிக்கு வாங்குகிற எல்இடி அகல் விளக்கிலும் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி 20 மில்லிமீட்டர். "காசு மாதிரி எதையோ வாயில் போட்டான்" என்று பாட்டி சொன்னால், எக்ஸ்ரே எடுக்கும்வரை அதை பேட்டரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயிலும் கவனம் வேண்டும். நேராக எடுத்த படத்தில் பேட்டரிக்கு விளிம்போரமாக உள்ளே இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி சற்று உள்வாங்கியிருக்கும். காசில் இரண்டும் இருக்காது. அதனால் இரண்டு கோணத்திலும் படம் எடுத்தார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

பேட்டரி உடைந்து விஷம் கசிவதுதான் ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். உணவுக்குழாயின் ஈரச் சதை இரண்டு பக்கத்தையும் தொட்டதும் மின்சாரம் ஓடி, எதிர்முனை (நெகட்டிவ்) பக்கத்தில் சதையை அரிக்கும் கடுமையான காரம் உண்டாகிறது. 15 நிமிடத்தில் சதை வேக ஆரம்பிக்கும். 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண். ரிமோட்டில் வேலை செய்யாத 'செத்த' பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

எதுவும் கொடுக்காதே என்ற விதிக்கு ஒரே விலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்கணும், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்கணும், எச்சிலை விழுங்க முடியணும். அப்படியானால் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 6 தடவை. காரில் போய்க்கொண்டே கொடுங்கள். பிசுபிசுவென்று பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடையில் நிற்காதீர்கள்.

பக்கத்துக் கிளினிக்கில் போய் நம்பர் எடுத்து உட்காரவும் வேண்டாம். பெரும்பாலான கிளினிக்கில் எக்ஸ்ரே கிடையாது. நேராக அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பட்டர்வொர்த்தில் இருப்பவர் பாலம் கடந்து தீவுக்கு ஓட்டிக்கொண்டு வரவேண்டாம், செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. மாற்றி அனுப்ப வேண்டுமானால் ஆம்புலன்ஸில் அவர்களே அனுப்புவார்கள். கவுண்டரில் "அனாக் தெர்தெலான் பத்தெரி புத்தாங்" (பிள்ளை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது) என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "சாப்பிட மாட்டேங்கிறான்" என்று ஆரம்பித்தால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள்.

செந்தூல் தாய்:

மிக்க நன்றி. அப்போ பத்து மாதக் குழந்தைக்குத் தேன் கூடாதுதானே? காசுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம்? மலத்தைத் தினமும் கிளறிப் பார்க்கணுமா?

குழந்தைநலம் பினாங்கு:

கூடவே கூடாது. ஒரு வயதுக்குக் கீழ் தேனில் பொட்டுலிசம் என்ற நஞ்சு ஆபத்து இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் முதலுதவி. மருந்து, சோப்பு, பினாயில் மாதிரியான சந்தேகம் என்றால் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம்: 1-800-88-8099. பேட்டரிக்கு மட்டும் போன் எடுக்கும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

ஜெலுத்தோங் சர்ஜரி வார்டு:

காசு பற்றி நான் சொல்கிறேன். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் மாட்டுவது உணவுக்குழாயின் மேல் வாசலில், கழுத்துக்குக் கீழே. அங்கே நின்றால் வாயில் எச்சில் வழியும், திட உணவைத் துப்பும், நெஞ்சைக் காட்டி அழும். இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது. இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குமேல் அங்கே விடமாட்டார்கள். ஒரு அறிகுறியும் இல்லாமலேயே மாட்டியிருக்கலாம், அதனால்தான் காசுக்கும் ஒரு எக்ஸ்ரே தேவை.

வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், ஒரு வாரத்துக்குள்ளோ சில வாரத்திலோ. வழக்கமான சாப்பாடு போதும், பேதி மருந்து வேண்டாம். மலத்தைப் பழைய சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினால் தெரியும். பார்க்கத் தவறினாலும் கவலைப்படாதீர்கள், 2 முதல் 4 வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் போதும். வயிற்று வலி, தொடர் வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம் வந்தால் தேதி பார்க்காமல் திரும்பப் போங்கள்.

காந்தத்தை மட்டும் காசோடு சேர்க்காதீர்கள். பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) ஆன்லைனிலும் விற்கிற குட்டி உருண்டைக் காந்தம் இரண்டு போனால், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால், குடலின் இரண்டு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவிலுள்ள சதையை நசுக்கும். ரத்தம் போகாத இடத்தில் ஓட்டை விழும். முதல் நாள் குழந்தைக்கு வலியே தெரியாமல் இருக்கலாம். ஒன்றுதான் விழுங்கினான் என்று நினைத்தாலும் அன்றே போய்ப் படம் எடுங்கள்.

ஊக்கு, கொண்டை ஊசி, கூர்முனை உள்ள தோடு, 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது எல்லாம் அதே நாள்தான். திருகாணி சின்னது, மொட்டையானது, வயிற்றில் இருந்தால் போய்விடும். ஆனால் திருகாணி காணோம் என்றால் தோட்டையும் தேடுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் எக்ஸ்ரேயில் தெரியாது, குடலுக்குள்ளும் பெருத்து அடைக்கும். பாக்கெட்டோடு போய்க் காட்டுங்கள்.

அவசரப் பிரிவுத் தாதி, கேஎல்:

விட்டுப்போனது ஒன்று. கச்சான் (வேர்க்கடலை) தின்னும்போது திடீரென்று புரையேறி இருமி, பிறகு அடங்கிவிட்டால் "சரியாப்போச்சு" என்று விடாதீர்கள். பருப்பு மூச்சுக்குழாயின் ஒரு கிளையில் போய் உட்கார்ந்தால் இருமல் நின்றுவிடும். சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், சளிக் காய்ச்சல். சாதாரண எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாது, அதனால் அந்தப் புரையேறிய நேரத்தை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லணும். 4 வயதுவரை முழுக் கச்சான், முந்திரி வேண்டாம்.

பேட்டரியை வெளியே எடுத்துவிட்ட பிள்ளைக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். புண் அதற்குப் பிறகும் ஆழமாகும். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வாயிலோ வாந்தியிலோ கொஞ்சம் ரத்தம் பார்த்தால்கூட, கிளினிக் வேண்டாம், 999.