குடலில் தொங்கும் கொழுப்புக்கு ஒரு பெயர்

ஐயா, வணக்கம்.

பெருங்குடலின் வெளியே தொங்கும் கொழுப்புப் பை அழலும் நோய் ‘எப்பிப்ளோயிக் அப்பெண்டஜைற்றிஸ்’. அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘குடல்வாலொட்டு அழற்சி’ என்ற சொல் எனக்குச் சரிப்படவில்லை. காரணம் வீட்டிலேயே நடந்தது.

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மருமகனுக்கு வலப்பக்க அடிவயிற்றில் குத்து. இந்த இடம்தான் என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுகிறான். காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, பசி வேறு. வாட்டில் குடல்வால் என்றே நினைத்துச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். சீ.ரீ. ஸ்கானில் பார்த்தால் குடல்வாலுக்கு ஒன்றும் இல்லை. பெருங்குடலின் வெளிப்பக்கம் முட்டை வடிவில் ஒரு கொழுப்புத் துண்டு, சுற்றிவர வெள்ளை விளிம்பு. வெட்டுக்கொத்து இல்லாமல், நோக்குளிசையோடு ஒரு கிழமையில் மாறிவிட்டது. இதற்குள் உங்கள் சொல்லை நான் வீட்டில் சொல்லப்போய், “வால் எண்டால் வெட்டத்தானே வேணும்?” என்று அக்கா அழத் தொடங்கிவிட்டா.

வால் இதில் வரவே கூடாது. பெருங்குடலின் வெளியே 50 முதல் 100 வரை கொழுப்புப் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன; வெசாலியஸ் 1543இலேயே எழுதிவைத்தவை. ஒன்று முறுகினால், அல்லது அதன் நாளத்தில் இரத்தம் உறைந்தால், அது அழல்கிறது. இடப்பக்கம்தான் அதிகம், வலப்பக்கம் வந்தால் குடல்வால் வேஷம் போடும்.

இந்தப் பைக்கு ‘நிணத்தொங்கல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நிணம் கொழுப்புக்கு அருமையான பழைய சொல்தான், ஆனால் நிணநீர் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. தொங்கல் அதைவிட மோசம். ஒழுங்கைத் தொங்கல் என்றால் எங்கள் பக்கம் ஒழுங்கை முடிகிற இடம். பெருங்குடலின் கடைசிப் பகுதி என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

சேலை முந்தானையில் வரிசையாகத் தொங்குகிறதே, அது குஞ்சம். உறுப்புக்குக் ‘குடற்குஞ்சம்’, நோய்க்குக் ‘குடற்குஞ்ச அழற்சி’. என்ன சொல்கிறீர்கள்?

> குஞ்சம் அழகுதான் தம்பி. ஆனால் குடல் உறிஞ்சிகளோடு குழம்பாதா? அவையும் குஞ்சம் மாதிரித்தானே.

அவை சிறுகுடலின் உள்ளே இருப்பவை ஐயா. பள்ளிக்கூடத்தில் சடைமுளை என்று படித்துவிட்டோம், அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

> சரி, குஞ்சத்தை ஏற்கிறேன். ‘குடற்குஞ்சவழற்சி’ என்று சேர்த்தெழுதுவதுதானே முறை?

முறைதான். வாட்டுத் துண்டில் அதை யார் எழுத்துக்கூட்டி வாசிப்பது? இடம் விட்டே எழுதுவோம்.