மறுமொழி: 'வார்ம் சோன்' – இளஞ்சூட்டுப் பகுதி வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

துப்பாக்கித் தாக்குதல் நடக்கும் இடத்தில் போலீஸாரும் தீயணைப்பாளரும் சேர்ந்து மீட்புப் பணி செய்வதற்கான கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்த பட்டியலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தாக்குபவன் இருக்கும் இடம் ஹாட் சோன், ஆபத்து இன்னும் இருக்கக்கூடிய நடுப் பகுதி வார்ம் சோன், ஆபத்து எட்டாத வெளியிடம் கோல்டு சோன். அவற்றுக்குப் பட்டியல் தந்த பெயர்கள் இவை:

> ஹாட் சோன் – சூட்டுப் பகுதி
> வார்ம் சோன் – இளஞ்சூட்டுப் பகுதி
> கோல்டு சோன் – குளிர்ப் பகுதி
> சூடு என்றாலே நமக்குத் துப்பாக்கிச் சூடுதானே! ஆங்கிலத்தைவிடத் தமிழில் அழகாக அமைந்துவிட்டது.

சிலேடை எனக்கும் பிடித்தது. ஆனால் 'சுடு' என்ற அந்த வினைதான் இங்கே வினையாகிறது. இந்தக் கையேட்டைக் கையில் எடுக்கப்போவது இரண்டு துறையினர். தீயணைப்பாளருக்குச் சூடு என்றால் அனல். போலீஸுக்குச் சூடு என்றால் தோட்டா. "மூன்றாம் மாடி சூட்டுப் பகுதி" என்று வாக்கி டாக்கியில் ஒரு குரல் கேட்டால் ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுப்பார், மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார். இது நானாகக் கற்பனை செய்த சிக்கல் இல்லை. 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டலுக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் இருக்கும்போதே கட்டடமும் எரிந்தது. தீயணைப்புப் படையினர் ஏணி வைத்துச் சன்னல் வழியாக விருந்தினர்களை இறக்கினார்கள். அங்கே எந்த மாடியைச் சூட்டுப் பகுதி என்பது?

இளஞ்சூடு இன்னும் மோசம். இளஞ்சூடு என்றதும் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு இதமான இடத்துக்குக் குண்டு துளைக்காத சட்டை எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆங்கிலத்திலேயே இந்த வெப்பநிலைப் பெயர்கள் இரவல் சரக்குதான். நச்சுப் பொருள் கசிந்த இடத்தில் தீயணைப்புத் துறை கோடு போட்டுப் பிரிக்கும் முறையிலிருந்து வந்தவை. அங்கே நடுப் பகுதி என்பது, உள்ளே போய்வந்தவர்கள் மேலிருக்கும் நஞ்சைக் கழுவும் இடம். கசிவு ஓரிடத்தில் இருக்கும், காற்றின் திசையைப் பார்த்துக் கோடு போடலாம். துப்பாக்கியோடு இருப்பவனுக்குக் கால் இருக்கிறது. அவன் மாடிப்படி ஏறினால் கோடும் கூடவே நகர்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதைவிட, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்பதே மேல்.

துப்பாக்கித் தாக்குதலில் முன்பெல்லாம் நடுப் பகுதி என்று ஒன்றே கிடையாது. எல்லாம் முடிந்தது என்று போலீஸ் சொல்லும்வரை ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் தள்ளி நிற்கும். 1999 ஏப்ரல் 20-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் முதலில் வந்த போலீஸார் கட்டடத்தைச் சுற்றி வளைத்துவிட்டுச் சிறப்பு ஆயுதப் படைக்குக் காத்திருந்தார்கள். உள்ளே குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர் மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். ஒருவர் ரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிச் சன்னலில் வைத்தும் உதவி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு போலீஸ் முறை மாறியது. முதலில் வருகிற சிலரே காத்திருக்காமல் உள்ளே போக வேண்டும், சுடுபவனைத் தேடிப் போக வேண்டும். வழியில் கிடக்கும் காயம்பட்டவரைத் தாண்டியே போக வேண்டும். நின்றால் அடுத்த அறையில் இன்னும் சிலர் சாவார்கள். சரி, தாண்டிப் போய்விட்டார்கள். கிடப்பவரை யார் பார்ப்பது? தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தவருக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டி தீயணைப்புத் துறை உருவாக்கிய முறை இந்த இடைவெளிக்குத்தான். முதல் போலீஸ் அணி கடந்துபோன, ஆனால் முழுதாகத் தேடி முடிக்காத பகுதிக்குள் இன்னொரு அணி நுழைகிறது. நடுவில் தலைக்கவசமும் குண்டு துளைக்காத சட்டையும் போட்ட தீயணைப்பு மருத்துவ உதவியாளர்கள், முன்னும் பின்னும் துப்பாக்கியோடு போலீஸார். அந்தப் போலீஸாருக்கு ஒரே வேலை, கூட வருபவர்களைக் காப்பது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டாலும் விட்டுவிட்டு ஓடக் கூடாது. உள்ளே பெரிய வைத்தியம் ஒன்றும் நடக்காது: கைகால் காயத்துக்கு மேலே பட்டையால் இறுக்குவது, காயத்துக்குள் துணியை அடைப்பது, மார்பில் ஓட்டை இருந்தால் மூடுவது, மூச்சுவிட வசதியாகப் புரட்டிப்போடுவது. அப்புறம் இழுத்துக்கொண்டு வெளியே வருவது. இந்த அணிதான் 'ரெஸ்க்யூ டாஸ்க் ஃபோர்ஸ்'.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுன் ஊரில் பள்ளிப் படுகொலை நடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் முயற்சியில் உருவான 'ஹார்ட்ஃபோர்ட் இசைவு' என்ற பரிந்துரை, வேலைகளின் வரிசையையே மாற்றிப் போட்டது: தாக்குதலை அடக்கு, ரத்தத்தை நிறுத்து, விரைவாக வெளியே எடு, மருத்துவர் பார்க்கட்டும், மருத்துவமனைக்கு அனுப்பு. ரத்தத்தை நிறுத்துவது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். நாம் தேடும் சொல் அந்த இரண்டாம் இடத்துக்கான சொல்.

அதனால் என் பரிந்துரை 'மெய்க்காவல்'. மெய்க்காப்பாளர் எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வார்ம் சோன் 'மெய்க்காவல் பகுதி' ஆகலாம்: மெய்க்காவல் இருந்தால் நுழை, இல்லையென்றால் நுழையாதே. பெயரே விதியைச் சொல்லிவிடுகிறது. உள்ளே போகும் அணி 'மெய்க்காவல் மீட்புக் குழு'. ஹாட் சோனுக்குத் 'தாக்குப் பகுதி' போதும். கோல்டு சோன் 'வெளிப் பகுதி'. அந்தப் பெயரில் நாம் சண்டை போட ஒன்றுமில்லை.

மற்றவர்கள் சொன்னவற்றையும் பார்த்துவிடுகிறேன்.

> காப்புப் பகுதி என்று சுருக்கமாக வைக்கலாமே?

இதைத்தான் மிகவும் அஞ்சுகிறேன். இரைச்சலில் 'காப்புப் பகுதி' 'பாதுகாப்புப் பகுதி' என்று கேட்கும். ஆபத்து இருக்கக்கூடும் என்று எச்சரிக்க வேண்டிய சொல், ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடும்.

> சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் பிரித்தால் மொழிச் சிக்கலே இல்லை.

நிறங்கள் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. பலர் காயம்பட்ட இடத்தில் உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்க முடிந்தவருக்குப் பச்சை என்று அட்டை கட்டுகிறார்கள். "சிவப்பில் நான்கு பேர்" என்றால் நான்கு நோயாளிகளா, தாக்குப் பகுதிக்குள் மாட்டிக்கொண்ட நான்கு பேரா?

> உள்வட்டம், நடுவட்டம், வெளிவட்டம்?

கட்டடத்துக்குள் வட்டம் ஏது? மெய்க்காவல் பகுதி ஒரு நீண்ட நடைவழியாக இருக்கலாம், ஒரு மாடிப்படியாக இருக்கலாம், பத்து நிமிடத்தில் மறைந்தும் போகலாம்.

'யூனிஃபைடு கமாண்ட்' பற்றியும் ஒரு வார்த்தை. 'ஒருங்கிணைந்த கட்டளை' என்றால் ஒரே ஒருவர் எல்லாருக்கும் உத்தரவு போடுவதுபோல இருக்கிறது. உண்மையில் போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் அவரவர் படைக்கு அவரவரே பொறுப்பு. ஆனால் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திட்டம் போடுகிறார்கள். 'கூட்டுத் தலைமை' என்றால் அது வந்துவிடும். அந்தப் பக்கத்தில் நிற்றல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரீனா அரங்கம் ஓர் எடுத்துக்காட்டு. அது துப்பாக்கிச் சூடு அல்ல, குண்டுவெடிப்பு. ஆனாலும் ஆயுதத்தோடு ஆட்கள் இருக்கக்கூடும் என்று கருதிப் போலீஸ் 'ஆபரேஷன் பிளேட்டோ' என்ற ஆயுதத் தாக்குதலுக்கான அவசரத் திட்டத்தை அறிவித்தது. அறிவித்த செய்தி மற்றத் துறைகளுக்குப் போகவில்லை. தீயணைப்புப் படை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே வந்து சேர்ந்தது. முதல் 40 நிமிடத்தில் குண்டு வெடித்த கூடத்துக்குள் போன துணைமருத்துவர் ஒரே ஒருவர்.

கடைசியாக, 'ஆக்டிவ் ஷூட்டர்'. 'சுடுநர்' என்று எழுதியிருந்தீர்கள். ஊறுகாய் நேற்று ஊறியதா, நாளை ஊறப்போவதா என்று தெரியாததுபோலச் சுடுநரிலும் காலம் இல்லை. அந்த 'ஆக்டிவ்' தான் முக்கியம்; இன்னும் முடியவில்லை என்பது. 2022 மே 24-இல் டெக்சாஸின் யுவால்டியில் வகுப்பறைக்குள் இருந்தவனை, அறைக்குள் ஒடுங்கிப் பதுங்கியவனாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பதுங்கியவன் என்றால் பேசிப் பார்க்கலாம், சாவிக்குக் காத்திருக்கலாம். 376 காவல் துறையினர் அங்கே திரண்டிருந்தும் அந்தக் கதவு திறக்க 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

'ஓயாத் தாக்குதல்' என்று முதலில் நினைத்தேன். ஆனால் சத்தம் ஓய்ந்ததும் தாக்குதலும் ஓய்ந்ததாகத் தோன்றிவிடும். 'அடங்காத் தாக்குதல்' என்பேன். தாக்குபவன் அடக்கப்படும்வரை அது அடங்காதது, எவ்வளவு அமைதியாக இருந்தாலும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் கொண்டுவந்த என்.எஃப்.பி.ஏ. 3000 தரநிலையும் துப்பாக்கியோடு நின்றுவிடாமல் மற்ற வகை வன்தாக்குதல்களையும் சேர்த்தே பேசுகிறது. அதனால் 'சுடு' இல்லாமல் 'தாக்கு' இருப்பது அதற்கும் பொருந்தும்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

————

ஐயா, வணக்கம். தீயணைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இலக்கணம் தெரியாது, ஊறுகாய் தெரியும்.

மெய்க்காவல் பகுதி எனக்குச் சம்மதம். ஒரு குறை உண்டு. போலீஸார் 'கிளியர்' என்றும் 'செக்யூர்' என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு முழுத் தைரியத்தோடு உள்ளே போய்விடுவார்கள். கிளியர் என்றால் ஓடுகிற ஓட்டத்தில் பார்த்தோம், கண்ணில் எவனும் படவில்லை, அவ்வளவே. அலமாரிக்குப் பின்னால், கழிப்பறைக்குள், கூரைக்கு மேல் எல்லாம் பார்த்து, திரும்ப யாரும் நுழையாதபடி ஆள் நிறுத்தியாயிற்று என்றால்தான் செக்யூர். பட்டியலில் இரண்டுக்கும் 'பாதுகாப்பானது' என்றே போட்டிருக்கிறது. இதை மாற்றாமல் மற்றதை மாற்றி என்ன பயன்?

இன்னொன்று. காயம்பட்டவர்களை உள்ளேயே ஓரிடத்தில் கூட்டி வைத்துக் காவல் போட்டு, அங்கிருந்து அணி அணியாக வெளியே கொண்டுபோவார்கள். அதற்குச் 'சேகரிப்பு மையம்' என்று இருக்கிறது. மனிதர்கள் என்ன பழைய தாளா?

————

> இரண்டுக்கும் 'பாதுகாப்பானது' என்றே போட்டிருக்கிறது.

நான் அதைக் கவனிக்காமல் விட்டது பெரிய பிழை. கிளியருக்குக் 'கடந்தாயிற்று', செக்யூருக்குத் 'தேடியாயிற்று' என்று வைத்தால்? பெயர்ச்சொல்லாக இல்லையே என்று குழுவில் சிலர் முகம் சுளிப்பார்கள். வாக்கி டாக்கியில் யாரும் பெயர்ச்சொல்லில் பேசுவதில்லை. கடந்தாயிற்று என்றால் மெய்க்காவல் பகுதி. தேடியாயிற்று என்று வந்தால் மெய்க்காவல் இல்லாமலே நடக்கலாம்.

சேகரிப்பு மையத்தைக் 'காயம்பட்டோர் சேர்விடம்' ஆக்கிவிடலாம். பேச்சில் 'சேர்விடம்' போதும்.

ஐயா, ஓர் உதவி. மூச்சுக்கருவி முகமூடி உங்கள் பழைய நண்பர்களிடம் இருக்குமானால் இந்தச் சொற்களை அதற்குள்ளிருந்து சொல்லிப் பார்க்கச் சொல்வீர்களா?

————

ஐயா, சொல்லிப் பார்த்தோம். இரண்டு பேர் முகமூடியோடு உள்ளே, நான் வெளியே வாக்கி டாக்கியோடு.

தாக்குப் பகுதி: தெளிவு. சேர்விடம்: தெளிவு. மெய்க்காவல் 'மெக்காவ' என்றுதான் வருகிறது, ஆனால் வேறு எந்தச் சொல்லோடும் குழம்பவில்லை, அதனால் இருக்கட்டும். 'கடந்தாயிற்று', 'தேடியாயிற்று' இரண்டும் தேறவில்லை. முன்பாதி அமுங்கி, 'ஆயிற்று' மட்டும் காதில் விழுகிறது. எது ஆயிற்று என்று தெரியவில்லை. பையன்கள் அவர்களாகவே 'தாண்டியாச்சு', 'முழுசா பாத்தாச்சு' என்று சொல்லிப் பார்த்தார்கள். நீளம் வேறு வேறாக இருப்பதால் அது பிடிபட்டது. உங்கள் இலக்கணத்தில் இடம் உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.