சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல "ஆல் டைம் பெஸ்ட்"னு எதை வெச்சு சொல்றீங்க?

அரைத்தூக்கம்:
எந்த லிஸ்ட்டை எடுத்தாலும் அதே வாட்ச்மென், அதே பேட்மேன் கதை டார்க் நைட் ரிட்டர்ன்ஸ். ரெண்டும் 1986ல ஆரம்பிச்சது, ரெண்டும் செமயா இருக்கு, அதுல சண்டை இல்ல. ஆனா ஏன் பெஸ்ட்னு கேட்டா "அதுக்கப்புறம் வந்த எல்லாத்தையும் மாத்திடுச்சு"ங்கறாங்க. அது வரலாறு தானே? அப்படிப் பாத்தா சூப்பர்மேன் முதல்ல வந்த 1938 ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 தான் டாப்புல நிக்கணும், அதை இன்னிக்கு எடுத்து ரசிச்சுப் படிக்கறவங்க எத்தனை பேரு? இல்ல இருட்டா, சீரியஸா இருந்தா தான் பெஸ்ட்டா? லிஸ்ட் வேணாம், ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி சொல்லுங்க.

கட்டம்கட்டி:
நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு தான் ப்ரோ. அந்த சீனை சினிமாவா எடுத்தாலோ நாவலா எழுதினாலோ பாதி காணாமப் போயிடணும், அப்போ தான் அது காமிக்ஸ். அமேசிங் ஸ்பைடர்மேன் 33, 1966, ஸ்டீவ் டிட்கோ வரைஞ்சது. மேல பெரிய மெஷின் விழுந்து பீட்டர், அதான் ஸ்பைடர்மேன், அடியில மாட்டிக்கிட்டான், தண்ணி ஒழுகிட்டே இருக்கு, மே அத்தைக்கான மருந்து கண்ணு முன்னாடியே கிடக்கு, கை எட்டல. கதையா சொன்னா "தூக்கினான்"னு ஒரு வார்த்தை, அவ்ளோ தான். டிட்கோ அதைப் பக்கம் பக்கமா இழுக்கறாரு, அவன் முக்கி முக்கித் தூக்கத் தூக்க கட்டமும் பெருசாகிட்டே போகுது, கடைசில முழுப்பக்கமும் ஒரே படம், மெஷினைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கறான். எவ்ளோ கனம்னு யாரும் வாயால சொல்ல வேணாம், கட்டத்தோட சைஸே சொல்லிடுது. வாட்ச்மென் 5ஆவது இதழும் அப்படித்தான், முதல் பக்கத்து லேஅவுட் கடைசிப் பக்கத்துல கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி வரும், அப்படியே உள்ள வந்தா நடுப்பக்கத்துல மடிப்பு. படிக்கறப்போ பாதி பேரு கவனிக்கவே மாட்டாங்க, ஆனா ஏதோ பண்ணுதுன்னு மட்டும் தெரியும்.

பழையபேப்பர்:
கட்டத்தை அளந்துட்டே இருந்தா கண்ணுல தண்ணி எப்போ வரும் நண்பரே. என்னோட ஓட்டு 1973ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 121க்கு, பீட்டரோட காதலி க்வென் ஸ்டேசி சாவு. பாலத்துல இருந்து விழறா, வலை காலைப் பிடிச்சிடுது, காப்பாத்திட்டோம்னு அவன் நினைக்கறான், ஆனா அவ கழுத்துக்கிட்ட குட்டியா "ஸ்னாப்"னு ஒரு சத்தம் எழுதியிருக்கும். இதை எதுவும் தெரியாதவங்க கைல குடுத்தா "ஓ, பாவம்"னு பக்கத்தைத் திருப்பிடுவாங்க. வருஷக்கணக்கா மாசாமாசம் அவளைப் பாத்தவனுக்குத் தான் அது இடி. வாட்ச்மென்ல எழுத்தாளர் ஆலன் மூர் முதல்ல, பப்ளிஷர் டிசி சார்ல்டன் கம்பெனில இருந்து வாங்கின பழைய ஹீரோக்களைத் தான் வெச்சு எழுத நினைச்சாரு, இப்படி எழுதினா அவங்களை அப்புறம் யூஸ் பண்ணவே முடியாதேன்னு டிசில புது ஆளுங்களை உருவாக்கச் சொல்லிட்டாங்க. புது ஆளுன்னா என்ன வேணா பண்ணலாம். அடுத்த மாசமும் புக்கு வந்தாகணும்ங்கற இடத்துல ஆளைக் கலங்க வைக்கறது தான் கஷ்டம்.

மின்மினி:
அடுத்த மாசமும் வரணும்ங்கறதால நடந்த நல்லதும் இருக்கு. எக்ஸ்-மென்ல வந்த டார்க் ஃபீனிக்ஸ், 1980. எழுதின கிளேர்மான்ட்டும் வரைஞ்ச பைர்னும் முதல்ல போட்ட முடிவுல, ஃபீனிக்ஸா மாறின ஜீன் சாகல, சக்தி மட்டும் போயிடும். எடிட்டர் ஜிம் ஷூட்டர் தான், ஒரு கிரகத்தையே ஜனங்களோட அழிச்சவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பறதான்னு மல்லுக்கு நின்னாரு, கடைசிப் பக்கங்களை மாத்தினாங்க. நாம பெஸ்ட்டுன்னு கொண்டாடற முடிவு எழுதினவங்க முதல்ல நினைச்சதே இல்ல.

அப்புறம் அரைத்தூக்கம், இருட்டா இருக்கணும்னு எவன் சொன்னான்? ஆல் ஸ்டார் சூப்பர்மேன் 10 எடுங்க. மாடி விளிம்புல குதிக்க நிக்கற பொண்ணு, பின்னாடி சூப்பர்மேன் வந்து நீ நினைக்கறதை விட நீ பலசாலின்னு சொல்லி கட்டிப்பிடிச்சுக்கறாரு. ஒரே பக்கம். அவரே அந்தக் கதைல செத்துட்டு இருக்கற ஆளு. குத்து இல்ல, வெடி இல்ல.

அரைத்தூக்கம்:
அதே ஆல் ஸ்டாரோட முதல் பக்கம் ஞாபகம் வருது. 4 கட்டம், 8 வார்த்தை, மொத்த பிறப்புக் கதையும் முடிஞ்சிடும். கட்டம்கட்டி, இது உங்க கட்சின்னு தோணும், ஆனா அந்த 8 வார்த்தை வேலை செய்யறதே நமக்கு கதை முன்னாடியே தெரியும்ங்கறதால தான். அப்போ பழையபேப்பர் சொல்றதும் அதுக்குள்ளயே இருக்கு இல்ல?

கட்டம்கட்டி:
பாதி ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்ச கதையை 8 வார்த்தைல சொல்ல எல்லாரும் ட்ரை பண்ணலாம், அதை வரைஞ்ச ஃபிராங்க் குவைட்லி மாதிரி 4 படம் போட ஆள் வேணுமே. டிட்கோ சீனை ஸ்பைடர்மேன் யாருன்னே தெரியாதவங்ககிட்ட காட்டுங்க, அப்பவும் மூச்சு முட்டும்.

பழையபேப்பர்:
மூச்சு முட்டும், சரி. அத்தை யாருன்னு தெரிஞ்சா தான் அழுகை வரும்.

மைகொட்டி:
இவ்ளோ பேசியும் கலர் போட்டவங்க பேரை ஒருத்தரும் எடுக்கல பாருங்க. வாட்ச்மென்ல ஜான் ஹிக்கின்ஸ் வழக்கமான சிவப்பு நீலம் மஞ்சளை அடக்கிட்டு ஊதா, பச்சை, ஆரஞ்சுன்னு போனதால தான் அந்த உலகமே ஏதோ தப்பா இருக்கற மாதிரி தெரியுது. டார்க் நைட்ல லின் வார்லி போட்ட கலரை எடுத்துட்டு வெறும் கோட்டை மட்டும் பாருங்க, அப்புறம் வந்து சண்டையைத் தொடருங்க.